மழைக்கும் கடனுக்கும் நடுவே: வன்னியில் ஒரு சிறுதொழில் நிலைக்க என்ன வேண்டும்?

2018 டிசெம்பர் 22ஆம் திகதி காலை எங்கள் மா அரைக்கும் இயந்திரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. முதல் நாள் இரவு பெய்த பெருமழையில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்டிருந்தன. கண்டாவளைப் பக்கம் வயல், வீதி, வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் வெள்ளம் பரவியிருந்தது. ஒன்பது பெண்கள் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. எங்களில் ஐந்து பேர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். ஒருவர் ஒரு காலை இழந்தவர்.

அடுத்த கிழமை, பாடசாலை ஒன்றில் தங்கியிருந்த எங்களைத் தேடி நுண்நிதி நிறுவனத்தின் தம்பி ஒருவர் வந்தார். "அக்கா, வெள்ளம் எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனா மேலிடம் கேக்காது. குழுவில ஆராவது கட்டத்தான் வேணும்" என்றார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் அது தொழில். ஆனால் அன்று ஒரு விடயம் எனக்குத் தெளிவாகியது. வெள்ளம் பழுதாக்கிய மோட்டரைச் சில ஆயிரம் ரூபாவில் திருத்திவிடலாம். எங்களை விழுத்தியது வாரத் தவணைதான். மழை ஒரு கணக்கில் வருகிறது, கடன் இன்னொரு கணக்கில் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் நாங்கள் தொழில் தொடங்கியிருந்தோம்.

அதன் பின்னர் பல கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு இருந்து பேசியிருக்கிறேன். எழுந்து நின்ற தொழில்களையும் மூடப்பட்ட தொழில்களையும் பார்த்திருக்கிறேன். அவற்றிலிருந்து கற்றுக்கொண்டவற்றை, இப்போது ஒரு தொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மீள்குடியேற்றத்தில் கிடைத்தவை

2008 நவம்பரில் 'நிஷா' புயல் வந்தபோது தருமபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அந்த மழையில் எங்களுக்கு இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. 2009இன் பின் மெனிக் பாம் முகாம், 2010இல் மீள்குடியேற்றம். காணியைத் துப்புரவு செய்து கொட்டில் போட்டதும் உதவித்திட்டங்கள் வந்தன. கோழி, ஆடு, தையல் இயந்திரம், மா அரைக்கும் இயந்திரம், துவிச்சக்கர வண்டி என்று பலவும் கிடைத்தன. அவை தேவையாகத்தான் இருந்தன. அவற்றைத் தந்தவர்களுக்கு நன்றி சொல்ல நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் ஒரே கிராமத்தில் இருபது பேருக்குக் கோழி கொடுத்தால் முட்டையை யாருக்கு விற்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கார்த்திகை வெள்ளத்தில் கோழிக்கூடு எங்கே நிற்கும் என்றும் கேட்கவில்லை. பயிற்சி என்றால் இரண்டு நாள் வகுப்பு, மதியம் ஒரு சோற்றுப் பார்சல், கடைசியில் ஒரு சான்றிதழ். பொருளைச் செய்யக் கற்றுத் தந்தார்கள். விலை போடவும், கணக்கு வைக்கவும், கெட்ட வருடத்தைத் தாண்டவும் கற்றுத் தரவில்லை. தொழில் ஆற்றல் என்று நான் சொல்வது இந்த மூன்றையும்தான்.

வானம் மாறிவிட்டதா?

எங்கள் பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களிலேயே கிடைக்கிறது. அந்த மழையை நம்பித்தான் காலபோகம். குளத்தில் மிஞ்சும் நீரை நம்பித்தான் சிறுபோகம். மழை எப்போதும் ஒரேயளவாகப் பெய்ததில்லை என்பது உண்மை. எங்கள் தாத்தாமாரும் வெள்ளத்தையும் வறட்சியையும் கண்டவர்கள்தான். ஆனால் கடந்த பத்து வருடங்களில் ஒன்று முடிய முன்னரே அடுத்தது வந்து நிற்கிறது.

2016இன் இறுதியில் மழை பொய்த்தது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் இணைந்து செய்த மதிப்பீட்டின்படி, 2017இல் நாட்டின் நெல் உற்பத்தி 27 இலட்சம் தொன்னாகக் குறையும் எனக் கணிக்கப்பட்டது. முந்தைய ஆண்டைவிட அது ஏறத்தாழ 40 வீதம் குறைவு. அடுத்த வருடமே 2018 டிசெம்பர் வெள்ளம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' புயல். 2024 நவம்பர் இறுதியில் மீண்டும் வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

இவற்றுக்கு நடுவில் மனிதர் செய்தவையும் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைத்த தோட்டக்காரரும், படகு ஓட்டிய கடற்றொழிலாளரும் ஒரே இரவில் நட்டக்காரர் ஆனார்கள்.

ஒவ்வொரு புயலையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அடிப்படை எளிது. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது நிலம் விரைவாகக் காய்கிறது. ஒரே வருடத்தில் வெள்ளமும் வறட்சியும் வரும் என்று எண்ணியே இனித் திட்டமிட வேண்டும்.

நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

புதிதாக ஒரு குழுவைச் சந்திக்கும்போது நான் முதலில் கேட்பது ஒரு பெரிய கடதாசியும் பேனையும்தான். பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே செலவு, வருமானம், ஆபத்து மூன்றையும் போடச் சொல்வேன். நெல்லை நம்பிய ஒரு வன்னிக் குடும்பத்தின் கடதாசி பெரும்பாலும் இப்படி இருக்கும்.

புரட்டாதி, ஐப்பசி: உழவு, விதைநெல், கூலி. கையில் உள்ள பணம் எல்லாம் வயலுக்குள் போகும்.

கார்த்திகை, மார்கழி: பசளை, களைநாசினிச் செலவு. வெள்ளமும் புயலும் வரும் காலம். கூலி வேலை குறைவு. வெயில் இல்லாததால் எதையும் காயவைக்க முடியாது.

தை: பொங்கல், பாடசாலைச் செலவு. அறுவடை தொடங்கும்.

மாசி, பங்குனி: அறுவடைப் பணம் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழும்.

சித்திரை முதல் ஆவணி வரை: குளத்தில் நீர் இருந்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகப் பங்கு கிடைத்தவர்களுக்கு ஒரு போகம். மற்றவர்களுக்குக் கூலி வேலையும் கிணற்று நீரும்தான்.

இதன் பக்கத்திலேயே கடன் தவணையை எழுதிப் பாருங்கள். அது ஐம்பத்திரண்டு கிழமையும் ஒரே தொகை. கார்த்திகை, மார்கழியில் எந்த வருமானமும் இல்லாத குடும்பம் அந்த எட்டுக் கிழமைத் தவணையையும் எங்கிருந்து கட்டும்? இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுத்துத்தான் கட்டும். வெள்ளம் வராத நல்ல வருடத்திலும் இதுதான் நிலை. வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கடதாசியைப் பார்த்த பிறகு யாருக்கும் பெரிய விளக்கம் தேவைப்படாது. செய்ய வேண்டியவை தாமாகவே தெரியும். அவற்றில் ஆறு விடயங்களைச் சொல்கிறேன்.

1. வெள்ளக் கோட்டுக்கு மேலே தொழிலை வையுங்கள்

உங்கள் கிராமத்தில் கடந்த வெள்ளங்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அளவைச் சுவரில் நிறத்தால் கோடிடுங்கள். இயந்திரம், மா மூட்டை, மின் ஆளி, கணக்குக் கொப்பி எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரு அடியாவது மேலே இருக்க வேண்டும். எங்கள் கொட்டிலில் சீமெந்துக் கல்லால் மேடை கட்டினோம். மோட்டரை நான்கு போல்ட்டில் பூட்டினோம். கழற்றி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம்.

புதிய கட்டடம் கட்டித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தால், கட்டடத்தின் அழகைவிட அத்திவாரத்தின் உயரத்தைக் கேளுங்கள். தாழ்ந்த காணியை "இலவசமாகக் கிடைக்கிறது" என்பதற்காக ஏற்காதீர்கள். கோழிக்கூடு என்றால் கால் உயர்த்திக் கட்டுங்கள். ஆடு, மாடு என்றால் எந்த மேட்டுக்கு ஓட்டிப்போவது என்பதை மழைக்கு முன்னரே பேசி வையுங்கள்.

2. எல்லா வருமானமும் ஒரே தண்ணீரை நம்பி இருக்கக்கூடாது

நெல், நெற்கூலி, நெல் அரைக்கும் வேலை மூன்றும் மூன்று தொழில்போலத் தெரியும். உண்மையில் அவை ஒன்றுதான். நெல் அழிந்தால் மூன்றும் போய்விடும். அதனால் ஒரு வருமானம் வேறு பருவத்தில், வேறு நிலத்தில் இருந்து வர வேண்டும்.

மேட்டுநிலத்தில் கச்சான், உழுந்து, பயறு, கௌபி போன்றவை நெல்லைவிடக் குறைந்த நீரில் விளையும். ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் வடிகால் வெட்டுவது விதைப்பதைவிட முக்கியம். நெல்லிலும் தெரிவு உண்டு. மழை பிந்திய வருடத்தில் ஏறத்தாழ 80 நாளில் விளையும் பி.ஜி. 250 போன்ற குறுகிய கால இனங்களைக் கேளுங்கள். உவர் ஏறிய கரையோர வயல்களுக்கு ஏ.ரி. 354 போன்ற உவரைத் தாங்கும் இனம் இருக்கிறது. உங்கள் மண்ணுக்கு எது சரி என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு முடிவெடுங்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற எங்கள் பழைய இனங்களுக்கு விளைச்சல் குறைவு. ஆனால் அவற்றின் அரிசிக்கும் மாவுக்கும் கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

பனையை நாங்கள் மறந்துவிடக்கூடாது. யுத்தத்தில் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன, எரிந்தன. மிஞ்சி நிற்பவை வறட்சியிலும் நிற்கின்றன. ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். அதில் பனாட்டுப் போடலாம். விதையைப் பாத்தியில் அடுக்கினால் மார்கழி முதல் மாசி வரை கிழங்கு. அதைக் காயவைத்து ஒடியலும் புழுக்கொடியலும் ஆக்கினால் வருடம் முழுவதும் விற்கலாம். நெல்லுக்குப் பணம் வராத மாதத்தில் பனை பணம் தரும். ஆனால் கிழங்குப் பாத்தியும் மேட்டில்தான் இருக்க வேண்டும்.

3. மழைக்கு முன் செய்து, மழையில் விற்க வேண்டும்

மாத் தொழில் செய்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பீர்கள். தீபாவளி, விளக்கீடு, நத்தார், பொங்கல் என்று எங்கள் பொருளுக்குக் கேள்வி கூடுவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அதே காலத்தில்தான் அரிசியும் மிளகாயும் காயாது. நாங்கள் முதல் இரண்டு வருடமும் ஓடர் எடுத்துவிட்டுப் பொருள் கொடுக்க முடியாமல் தலைகுனிந்தோம். இப்போது ஆடி, ஆவணி வெயிலில் மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் காயவைத்து, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்ரிக் பரல்களில் அடைத்து வைக்கிறோம். அரைப்பதை மட்டும் ஓடருக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறோம். அரைத்த மா விரைவில் கெடும், முழுத் தானியம் தாங்கும்.

நெல்லுக்கும் இதே பாடம்தான். அறுவடை இயந்திரம் வெட்டிய ஈரநெல்லை வயற்கரையிலேயே வியாபாரிக்குக் கொடுத்தால் அவர் சொன்னதே விலை. ஈரப்பதன் 14 வீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்தால் சில மாதம் வைத்திருக்கலாம். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று விலை அறிவித்தபோதும் நிபந்தனை இந்த 14 வீத ஈரப்பதன்தான். காய்ந்த நெல் இருந்தவருக்குத்தான் அந்த விலை பொருந்தியது. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு நல்ல களமும், நனையாத ஒரு களஞ்சியமும், ஈரப்பதன் பார்க்கும் ஒரு கருவியும் வைத்திருந்தால், அது தனித்தனியாகப் பத்து உழவு இயந்திரம் வைத்திருப்பதைவிடப் பெரிய பலம்.

4. உங்கள் கூலியையும் கணக்கில் போடுங்கள்

எங்கள் பெண்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வேறு யாரும் ஏமாற்றுவதில்லை, நாங்களே எங்களை ஏமாற்றுகிறோம். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். எண்கள் விளங்குவதற்காக மட்டும்.

மூன்று பேர் ஒரு நாளில் 20 கிலோ வறுத்த அரிசிமா செய்கிறார்கள். அரிசி, விறகு, மின்சாரம், பை, பஸ் கூலி எல்லாம் 5,000 ரூபா. கிலோ 350 ரூபாவுக்கு விற்றால் 7,000 ரூபா வரும். "2,000 ரூபா இலாபம்" என்று மகிழ்ந்துவிடுவோம். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 666 ரூபா. கூலி வேலைக்குப் போயிருந்தால் ஆளுக்கு 1,500 ரூபா கிடைத்திருக்கும் என்றால், அது இலாபம் இல்லை, நட்டம்.

சரியான கணக்கு இதுதான். செலவு 5,000, மூன்று பேர் கூலி 4,500, இயந்திரத் தேய்மானத்துக்கும் வெள்ளக் கையிருப்புக்கும் 500. மொத்தம் 10,000. கிலோவுக்கு அடக்கவிலை 500 ரூபா. அந்த விலைக்குக் கடைக்காரர் எடுக்கமாட்டார். அப்படியானால் தொழிலை விடுவதா? அதே மூன்று பேர் அதே நாளில் 40 கிலோ செய்ய முடியுமா என்று பாருங்கள். செலவு 10,000, கூலி 4,500, கையிருப்பு 500. மொத்தம் 15,000, கிலோ 375 ரூபா. இப்போது விலை பேசலாம். இயந்திரம், பெரிய தாச்சி, சேர்ந்து வேலை செய்வது ஆகியவற்றின் பயன் இந்தக் கணக்கில்தான் தெரியும்.

"வெள்ளக் கையிருப்பு" என்பதைத் தனிப் புத்தகத்தில், தனிக் கணக்கில் வையுங்கள். சாமத்தியவீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ அதில் கை வைக்கக்கூடாது. எங்கள் குழுவில் அதை எடுக்க மூன்று கையொப்பம் வேண்டும்.

விற்பனையிலும் ஒரே வாசலை நம்பாதீர்கள். கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் மூலம் மிளகாய்த்தூளும் ஒடியலும் அனுப்புவது நல்ல வருமானம்தான். ஆனால் அந்த ஒரு ஆள் நிறுத்தினால் தொழிலே நின்றுவிடும். சங்கக்கடை, பக்கத்து நகரக் கடை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை என்று சிறிதாகவேனும் இரண்டு, மூன்று வழி வேண்டும்.

5. கையொப்பம் வைக்க முன் கடனைக் கணக்குப் பாருங்கள்

"நூற்றுக்கு இரண்டு வட்டிதான் அக்கா" என்பார்கள். ஒரு இலட்சம் ரூபாவை மாதம் 2 வீத நிலையான வட்டிக்கு ஒரு வருடத்துக்கு எடுத்தால் வட்டி 24,000 ரூபா. மாதத் தவணை ஏறத்தாழ 10,333 ரூபா. இதை எல்லோரும் "வருடம் 24 வீதம்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மாதமும் நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆறாம் மாதம் உங்கள் கையில் இருப்பது அரைவாசிப் பணம்தான். ஆனால் வட்டி முழு இலட்சத்துக்கும் போகிறது. குறைந்து செல்லும் மீதியில் கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு ஏறத்தாழ 42 வீத வட்டி. மேலாக ஆவணக் கட்டணம், காப்புறுதிக் கட்டணம் என்று கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள்.

2018ஆம் ஆண்டு அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அதில் இருந்தன. 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். யுத்தம் நடந்த இடத்திலும் நடக்காத இடத்திலும் இந்த வலி ஒன்றுதான். நிவாரணம் ஒரு தடவை வரும். கணக்குப் பார்க்கும் பழக்கம் எப்போதும் கூட இருக்கும்.

கடன் எடுக்க முன் நான்கு கேள்வி கேளுங்கள். வட்டி நிலையானதா, குறைந்து செல்வதா? கைக்கு வரும் தொகை எவ்வளவு, திருப்பிக் கொடுக்கும் மொத்தத் தொகை எவ்வளவு? அறுவடைக்குப் பிறகு கட்டும்படி தவணையை மாற்றலாமா? வெள்ளம் வந்தால் எத்தனை மாதம் பொறுப்பீர்கள்? கடைசி இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில், மழையை நம்பிய தொழிலுக்குக் கடன் எடுக்காதீர்கள்.

எங்களுக்கு இதைவிடப் பழைய வழி ஒன்று இருக்கிறது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே வந்தது. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் வடக்கில் யுத்த காலத்திலும் முற்றாக அழிந்துவிடவில்லை. அங்கே சேமிப்பும் எங்களுடையது, வட்டியும் ஊருக்குள்ளேயே நிற்கும். கூட்டம் கூடித் தவணையைத் தள்ளிவைக்கவும் முடியும். குறைகளும் உண்டு. கணக்கு ஒழுங்காக வைக்காததாலும், அரசியல் புகுந்ததாலும், ஓரிருவரே பதவியில் இருந்ததாலும் படுத்துப்போன சங்கங்கள் பல. அதனால் சேர முன் கடந்த வருடக் கணக்காய்வு அறிக்கையையும் பொதுக்கூட்டக் குறிப்பையும் கேட்டுப் பாருங்கள். அது உறுப்பினரின் உரிமை.

6. பத்திரங்களை நனையவிடாதீர்கள்

இடப்பெயர்வில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை இருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் பெறுபேறு எல்லாம் அதற்குள். அந்தப் பையை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தவர்கள் இன்றுவரை அலுவலகங்களுக்கு அலைகிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தொழிலுக்கும் கொண்டுவாருங்கள்.

உங்கள் தொழிலின் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதிவு செய்யுங்கள். பதிவு இருந்தால்தான் வங்கியும் பெரிய கடைகளும் பேசும். உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்து இடத்தைக் காட்டுங்கள். பையில் பொருளின் பெயர், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலை, முகவரி இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தரும் விதாதா வள நிலையமும் இதற்கு வழிகாட்டுவார்கள்.

வயல் செய்பவர்கள் கமநல சேவை நிலையத்தில் உங்கள் பெயரிலேயே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு தரும் காப்புறுதி 2018இல் கொண்டுவரப்பட்டது. பதிவு இல்லாதவருக்கும், அழிவை உடனே அறிவிக்காதவருக்கும் அது கிடைக்காது. கணவரின் பெயரில் பதிவு இருந்து, கணவர் இல்லாத பெண்கள் இதில்தான் விடுபட்டுப் போகிறார்கள். அனுமதிப்பத்திரக் காணிகளில் வாரிசுரிமையில் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டிருக்கிறது. மகளின் பெயரை எழுதுவதற்குச் சட்டம் தடையில்லை.

மழைக்கு முன் இயந்திரத்தையும் சரக்கையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவ முன் இன்னொரு படம் எடுங்கள். கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். 2018இல் எங்களிடம் ஒரு படமும் இருக்கவில்லை. வீட்டுப் பாத்திரத்துக்கு நிவாரணம் வந்தது. தொழிலுக்கு எதுவும் வரவில்லை.

கொடுப்பவர்கள் கேட்க வேண்டியது

இந்த ஆறும் நாங்கள் செய்யக்கூடியவை. எங்களால் முடியாதவையும் உண்டு. குளம் நிறையும்போது வான்கதவு திறக்கப்படும் செய்தி, கீழ்க் கிராமத்தின் கடைசி வீட்டுக்கும் பகலிலேயே கிடைக்க வேண்டும். வடிகால்களையும் பாலங்களையும் மழைக்கு முன் துப்புரவு செய்வது அரசின் வேலை. உதவி நிறுவனங்கள் இயந்திரம் கொடுக்கும்போது இரண்டாவது வருடத்திலும் வந்து கணக்குக் கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டும். பயிற்சியைக் கார்த்திகையில் வைக்காமல் வைகாசியில் வைக்க வேண்டும். வங்கிகள் பருவத்துக்கு ஏற்ற தவணையைத் தர வேண்டும். புலம்பெயர் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு புதிய இயந்திரம் வாங்கித் தருவதைவிட, இருக்கும் சங்கத்தின் வெள்ளக் கையிருப்பில் ஒரு பங்கு போடுவது சில வேளைகளில் பெரிய உதவி.

இறுதியாக

2024 நவம்பரில் தண்ணீர் மேடையின் இரண்டாவது கல்வரை வந்தது. மழை அறிவிப்பைக் கேட்டு இரண்டு நாள் முன்னரே மோட்டரைக் கழற்றிவிட்டோம். பரல்களை உயரத்தில் ஏற்றியிருந்தோம். விறகும் ஒரு மிளகாய்த் தோட்டமும் போனது. வெள்ளக் கையிருப்பிலிருந்து ஆளுக்கு ஒரு தொகை எடுத்தோம். மூன்றாம் கிழமை அரைக்கத் தொடங்கினோம். பொங்கல் ஓடரைத் தவறவிடவில்லை.

ஆனால் ஒன்பது பேரில் இப்போது எட்டுப் பேர்தான் இருக்கிறோம். 2019இல் மூன்று நிறுவனங்களின் தவணையைக் கட்ட முடியாமல் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். குழுவில் எங்களைவிட நன்றாகக் கணக்குப் பார்த்தவர் அவர். கடன் முடிந்தும் இன்னும் வரவில்லை, பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்கிறார். அவருடைய பங்கை நாங்கள் கணக்குக் கொப்பியில் அவர் பெயரிலேயே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் இலாபம் பிரிக்கும்போது அவருடைய பகுதியையும் எழுதுகிறோம்.

வெள்ளம் இனியும் வரும். அது வரும்போது இன்னொருவர் இப்படிப் போகாமல் இருக்க வேண்டும். நாங்கள் கணக்கு வைப்பதும் மேடை கட்டுவதும் அதற்காகத்தான். இந்த வருட மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே ஒரு பெரிய கடதாசியை விரித்துப் பன்னிரண்டு மாதத்தையும் எழுதத் தொடங்குங்கள்.